புதுக் கம்ப்யூட்டரில் டொரண்ட் மெதுவாக இறங்குகிறதா? அடைப்பைக் கண்டுபிடிக்கும் வழி

புதுக் கம்ப்யூட்டர் வந்தாயிற்று, ஃபைபர் லைனும் போட்டாயிற்று. டொரண்ட் மென்பொருளை நிறுவி ஒரு பெரிய ஃபைலை இறக்க விட்டால் 200 கேபி, 300 கேபி என்று தவழ்கிறது. யூடியூப் மட்டும் தடையில்லாமல் ஓடுகிறது. இந்த இடத்தில் நம் மதுரைப் பக்கம் பெரும்பாலானோர் லைன் கொடுத்தவருக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்குவார்கள். மாதாமாதம் கூடுதல் பணம் போகும், வேகம் அப்படியே இருக்கும். அடைப்பு லைனில் இல்லாதபோது லைனைப் பெரிதாக்கி என்ன பயன்?

டொரண்ட் வேகம் நான்கு இடங்களில் ஏதாவது ஒன்றில் அடைபடும். வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் லைன்; ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரைக்குமான வைஃபை அல்லது கேபிள்; கம்ப்யூட்டர்; அப்புறம், அந்த ஃபைலை எங்கெங்கோ இருந்து பகிர்கிறவர்கள். எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் சின்ன வேலை. தெரியாமல் செட்டிங்ஸில் கைவைத்தால் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடும். அதனால் கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மாற்றியதையும், மாற்றுவதற்கு முன் இருந்த அளவையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் யூடியூப் ஓடுகிறது, டொரண்ட் ஓடவில்லை?

யூடியூப் உங்களுக்கு வீடியோவை அனுப்புவது தன் சொந்த சர்வரிலிருந்து. டொரண்டில் அப்படி ஒரு சர்வர் கிடையாது. 2001-இல் பிராம் கோஹன் என்ற அமெரிக்க நிரலாளர் உருவாக்கிய இந்த முறையில், ஒரு ஃபைல் பல சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. முழு ஃபைலையும் வைத்திருப்பவர் சீடர். இன்னும் இறக்கிக்கொண்டிருப்பவர் பியர். ஒவ்வொருவரும் தன்னிடம் இருக்கும் துண்டைக் கொடுத்து, இல்லாத துண்டை வாங்கிக்கொள்கிறார்கள். யார் யார் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்று சொல்வது டிராக்கர்.

இதில் ஒரு கறாரான ஏற்பாடு உண்டு. உங்களுடன் இணைந்திருக்கும் பியரின் மென்பொருள் சுமார் 10 விநாடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும்: யார் எனக்கு நன்றாகக் கொடுக்கிறார்கள்? அவர்களுக்குத்தான் அதிகமாகக் கொடுக்கும். புதிதாக வந்தவருக்கும் ஒரு வாய்ப்பு வேண்டுமே என்பதற்காக, 30 விநாடிக்கு ஒருமுறை கூட்டத்தில் யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சும்மாவே கொடுத்துப் பார்க்கும். நீங்கள் இப்போதுதான் சேர்ந்தவர், கையில் ஒரு துண்டும் இல்லை. அதனால் ஆரம்பத்தில் சிறிது நேரம் வேகம் ஏறாமல் இருக்கலாம். ஆரம்பித்த உடனே பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். சில நிமிடம் விடுங்கள்.

எதை வைத்து அளப்பது?

சோதனைக்கு எடுக்கும் ஃபைல் நிறைய சீடர்கள் உள்ளதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குறை உங்கள் வீட்டிலா, அந்த ஃபைலிலா என்று கடைசிவரை தெரியாது. இதற்கு உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸின் (விண்டோஸ் மாதிரியான இலவச இயங்குதளங்கள்) நிறுவல் ஃபைல்தான் நல்ல அளவுகோல். இரண்டும் தங்கள் அதிகாரபூர்வத் தளத்திலேயே டொரண்டைக் கொடுக்கின்றன. எந்த நேரத்திலும் ஏராளமான சீடர்கள் இருப்பார்கள். உபுண்டு 24.04 டெஸ்க்டாப் ஃபைல் ஏறக்குறைய 6 ஜிபி. சோதித்துப் பார்க்கப் போதுமான அளவு.

சட்டத்துக்கு உட்பட்டு டொரண்டில் கிடைப்பவை இன்னும் நிறைய இருக்கின்றன. லிப்ரே ஆபீஸ், இன்டர்நெட் ஆர்க்கைவில் உள்ள பழைய நூல்கள், நெட் இல்லாமலே விக்கிப்பீடியாவைப் படிக்க கிவிக்ஸ் தரும் தொகுப்புகள் எல்லாம் அப்படித்தான். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் கிவிக்ஸ் தொகுப்பு ஒன்றையாவது இறக்கி வையுங்கள். கரன்ட் போய் ரவுட்டர் அணைந்தாலும் லேப்டாப்பில் படிக்கலாம். புதுப்படங்களை இறக்குவதற்கு இந்தக் கட்டுரை உதவாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அது குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. டொரண்டில் இருக்கும்போது உங்கள் ஐபி எண் (நெட்டில் உங்கள் இணைப்பின் முகவரி) அந்தக் கூட்டத்தில் உள்ள அனைவருக்கும் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த மாதிரித் தளங்களில் புதுப்பட ஃபைல் என்ற பெயரில் வைரஸும் வருகிறது. புதுக் கம்ப்யூட்டரை முதல் வாரத்திலேயே கெடுத்துக்கொள்ள அது போதும்.

மென்பொருளாக க்யூபிட்டொரண்டைப் பரிந்துரைக்கிறேன். இலவசம், திறந்த மூலம், விளம்பரம் கிடையாது. தேடுபொறியில் முதலில் தெரியும் விளம்பர இணைப்பை அமுக்காமல், அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். கீழே சொல்லும் செட்டிங்ஸ் பெயர்களெல்லாம் இதில் உள்ளவை. மற்ற மென்பொருள்களிலும் ஏறக்குறைய இதே பெயரில் இருக்கும்.

முதலில் கணக்கைச் சரிபாருங்கள்

பிளானில் சொல்லும் 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. டொரண்ட் மென்பொருள் காட்டுவது பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5; அதாவது விநாடிக்கு 12.5 எம்பிதான் உச்சம். நடைமுறையில் 11 எம்பி வந்தால் உங்கள் லைன் முழுதாக வேலை செய்கிறது. 50 எம்பிபிஎஸ் பிளானில் 6 எம்பி. அந்த உபுண்டு ஃபைல் 100 எம்பிபிஎஸ்-இல் சுமார் 9 நிமிடத்திலும், 50-இல் சுமார் 17 நிமிடத்திலும் இறங்கினால் குறை ஒன்றும் இல்லை. இதற்கு மேல் படிக்கவே வேண்டாம்.

லைன்

டொரண்ட் மென்பொருளை மூடிவிட்டு ஸ்பீட் டெஸ்ட் செய்யுங்கள். ஒரு தளத்தில் மட்டும் பார்த்தால் போதாது. சில தளங்கள் உங்களுக்கு நெட் கொடுக்கும் நிறுவனத்தின் சர்வரையே தேர்ந்தெடுத்து அளக்கும். அது ஊருக்குள்ளேயே சுற்றி வருகிற வேகம். சிங்கப்பூர், மும்பை போன்ற வெளியூர் சர்வரைத் தேர்ந்தெடுத்து மறுபடியும் அளந்து பாருங்கள். காலை ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை. காலையில் 95, இரவில் 20 என்று வந்தால், உங்கள் பகுதி முழுக்க மாலையில் ஒரே லைனில் நெரிகிறது என்று பொருள். அதற்கு வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. பெரிய டவுன்லோடுகளை இரவு பன்னிரண்டுக்கு மேல் ஓடும்படி வைத்துக்கொள்ளலாம்.

பிளானில் மாத அளவு எவ்வளவு என்றும் பாருங்கள். அன்லிமிடெட் என்று விற்கும் பல பிளான்களில் மாதம் 3300 ஜிபி தாண்டினால் வேகம் குறையும் என்ற நிபந்தனை உண்டு. சின்னப் பிளான்களில் இந்த அளவு இன்னும் குறைவு. மாதக் கடைசியில் மட்டும் வேகம் படுத்துவிடுகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் கிராமங்களில் இன்னும் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் கம்ப்யூட்டரை ஓட்டுகிறார்கள் பலர். தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி தரும் ரீசார்ஜில் அன்றைய அளவு முடிந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கிவிடும். அதில் டொரண்ட் ஓட்டுவது வீண். நெட் சென்டரிலோ, ஃபைபர் உள்ள உறவினர் வீட்டிலோ இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்துவிடுவது மேல். பென் டிரைவில் கொண்டுவருவதாக இருந்தால் அது ஃபேட்32 முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முறையில் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஃபைலை வைக்க முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் சரியாகும். மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும், முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்: கேபிளும் வைஃபையும்

ஸ்பீட் டெஸ்டில் போனில் 95 வருகிறது, கம்ப்யூட்டரில் 25 வருகிறது என்றால் அடைப்பு வீட்டுக்குள்தான்.

நம் ஊர் வீடுகளில் ஃபைபர் பெட்டியை வாசல் பக்கத்து ஹாலில், டிவிக்கு மேலே அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கம்ப்யூட்டர் மாடி அறையில் இருக்கும். நடுவில் ஒரு கான்கிரீட் தளம், இரண்டு மூன்று செங்கல் சுவர். இதைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வந்து சேர்வது கஷ்டம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்து சேரும். ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் அதே அலைவரிசையில் நெரிந்துகொண்டிருக்கும். 2.4-ஐ விட வழியில்லை என்றால் ரவுட்டரில் சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் இந்த மூன்றுதான்.

அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப் என்றால் முதலில் கேபினெட்டின் பின்பக்கம் பாருங்கள். வைஃபை உள்ள மதர்போர்டில் பொன்னிறத்தில் இரண்டு சிறு திருகுமுனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் மாட்டவேண்டிய ஆன்டெனா மதர்போர்டு பெட்டிக்குள்ளேயே, பிளாஸ்டிக் உறையோடு கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆன்டெனா இல்லாமலும் வைஃபை இணையும், ஒரு கோடு காட்டும், நெட்டும் வரும். அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வராது. அந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். யூஎஸ்பி வைஃபை டாங்கிள் போட்டிருந்தால், அதைக் கேபினெட்டுக்குப் பின்னால் மேசைக்கு அடியில் செருகாமல் முன்பக்கம் செருகுங்கள்.

எல்லாவற்றையும் விட நல்லது லேன் கேபிள். கேட்5இ கேபிள் 100 மீட்டர் வரை 1000 எம்பிபிஎஸ் கொண்டுபோகும். வீட்டுக்கு இது தாராளம். கேபிள் போட்டபின் விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போய் 'லிங்க் ஸ்பீட்' என்ற வரியைப் பாருங்கள். 1000/1000 என்று இருக்க வேண்டும். 100/100 என்று இருந்தால், 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டினாலும் கிடைப்பது 100-க்குள்தான்.

ஏன் 100 காட்டுகிறது? கேபிளின் முனையில் இருக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஜாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே எட்டு நிற வயர்களும் முனைவரை வந்திருக்க வேண்டும். அவசரத்துக்குக் கிரிம்ப் செய்தவர்கள் நான்கு வயரை மட்டும் மாட்டியிருப்பார்கள், அல்லது எட்டில் ஒன்று முனையைத் தொடாமல் பாதியில் நின்றிருக்கும். நான்கு வயரில் 100 எம்பிபிஎஸ் மட்டுமே போகும். ஜாக்கை வெட்டிவிட்டு எட்டையும் சேர்த்து மறுபடி கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். கேபிள் சரியாக இருந்தும் 100 காட்டினால், ரவுட்டரின் லேன் போர்ட்டே 100 மட்டும் தரும் வகையாக இருக்கலாம். குறைந்த விலை ரவுட்டர்களில் இது சகஜம்.

கம்ப்யூட்டர்

புதுக் கம்ப்யூட்டர் முதல் ஓரிரு நாள் தனக்கே ஏகப்பட்ட வேலை வைத்துக்கொள்ளும். விண்டோஸ் அப்டேட், ஸ்டோரில் உள்ள செயலிகளின் அப்டேட், ஒன்டிரைவ் என்று ஒவ்வொன்றும் பின்னணியில் நெட்டை இழுத்துக்கொண்டிருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் நெட்வொர்க் என்ற தலைப்பைச் சொடுக்கினால் யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று தெரியும். அப்டேட்டை நிறுத்தாதீர்கள், பாதுகாப்புக்கு அது வேண்டும். அது முழுதாக முடிந்தபின் டொரண்டைச் சோதியுங்கள்.

விண்டோஸ் அப்டேட்டின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்று ஒன்று உண்டு. அப்டேட் ஃபைல்களை மற்றக் கம்ப்யூட்டர்களோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. இன்டர்நெட்டில் உள்ள கம்ப்யூட்டர்களுக்கும் பகிரும்படி இருந்தால், வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் என்று மாற்றுங்கள்.

அதே டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டு, அதிலேயே இறக்குபவர்களுக்கு இது வரும். டொரண்டின் துண்டுகள் வரிசையாக வராது. முன்னும் பின்னுமாக வந்து விழும். சுழலும் டிஸ்க்கின் முள் அங்கும் இங்கும் ஓடியே களைத்துவிடும். இறக்குவது எஸ்எஸ்டியில், முடிந்தபின் ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியாத டொரண்டுகளைத் தனி இடத்தில் வைக்கும் வசதி க்யூபிட்டொரண்டின் 'டவுன்லோட்ஸ்' பகுதியிலேயே இருக்கிறது.

கரன்ட் சட்டென்று போய்வந்தால், மென்பொருள் ஃபைலை முதலிலிருந்து சரிபார்க்கத் தொடங்கலாம். 'செக்கிங்' என்று காட்டும் அந்த நேரத்தில் வேகம் பூச்சியமாக இருக்கும். பயப்பட வேண்டாம், தானே முடிந்து தொடரும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை ஒன்பதுக்கு முன் மென்பொருளை முறையாக மூடிவிட்டால் இந்த வேலையே இல்லை.

கதவு திறந்திருக்கிறதா?

லைன், கேபிள், கம்ப்யூட்டர் மூன்றும் சரி, ஆனாலும் டொரண்ட் தவழ்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இங்கேதான். இதை அவசரப்படாமல் பாருங்கள்.

டொரண்ட் கூட்டத்தில் நீங்கள் மற்றவர்களைத் தேடிப் போகலாம். மற்றவர்களும் உங்களைத் தேடி வரலாம். தேடி வருபவர்கள் நுழைவதற்கான எண்தான் போர்ட். அது மூடியிருந்தால் நீங்கள் போகும் இணைப்பு மட்டும்தான் நடக்கும். டவுன்லோட் அடியோடு நின்றுவிடாது, இணையும் ஆட்கள் குறைவார்கள். இன்னொரு சிக்கல்: போர்ட் மூடிய இருவர் நேரடியாக இணைவது கடினம். சீடர்கள் குறைவாக உள்ள ஃபைல்களில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

க்யூபிட்டொரண்டின் அடிப்பட்டையைப் பாருங்கள். பச்சை நிறச் சின்னம் இருந்தால் கதவு திறந்திருக்கிறது. மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் தீச்சுடர் இருந்தால் ஃபயர்வாலோ ரவுட்டரோ தடுக்கிறது. சிவப்பு என்றால் இணைப்பே இல்லை. பக்கத்தில் 'டிஹெச்டி' என்று ஒரு எண் இருக்கும். டிராக்கர் இல்லாமலே பியர்களைக் கண்டுபிடிக்கும் வலையில் எத்தனை பேரைத் தெரியும் என்ற கணக்கு. அது நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டும். பூச்சியமாகவே நின்றால் ஏதோ ஒன்று முழுதாகத் தடுக்கிறது. மேக்னட் இணைப்பு (டொரண்ட் ஃபைலுக்குப் பதிலாகச் சொடுக்கும் லிங்க்) 'மெட்டாடேட்டா' என்ற இடத்திலேயே தொங்கிக்கொண்டிருப்பதற்கு இதுவும் காரணம்.

முதல் தடை விண்டோஸ் ஃபயர்வால். மென்பொருளை முதன்முதலாகத் திறந்தபோது ஒரு சிறு சன்னல் வந்து அனுமதி கேட்டிருக்கும். என்னவோ ஏதோ என்று கேன்சலை அமுக்கியிருப்பீர்கள். அப்படி அமுக்கினால் விண்டோஸ் அந்த மென்பொருளுக்கு உள்வரும் இணைப்பைத் தடுத்து ஒரு விதியையே எழுதி வைத்துக்கொள்ளும். அப்புறம் கேட்கவே கேட்காது. விண்டோஸ் செக்யூரிட்டி, ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் புரொடெக்‌ஷன், 'அலோ அன் ஆப் த்ரூ ஃபயர்வால்' என்று போய், 'சேஞ்ச் செட்டிங்ஸ்' அமுக்கி, க்யூபிட்டொரண்டுக்கு நேரே 'பிரைவேட்' கட்டத்தில் டிக் செய்யுங்கள். உங்கள் வீட்டு நெட்வொர்க்கையும் 'பிரைவேட்' என்று மாற்ற வேண்டும். புதிதாக இணையும் நெட்வொர்க்கை விண்டோஸ் 'பப்ளிக்' என்றே எடுத்துக்கொள்ளும்; அப்போது பிரைவேட் கட்டத்தில் போட்ட டிக் வேலை செய்யாது. ஃபயர்வாலையே முழுதாக அணைக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். புது லேப்டாப்போடு இலவசமாக வந்த ஆன்டிவைரஸ் ஏதாவது இருந்தால் அதற்குள்ளும் தனி ஃபயர்வால் இருக்கும், அதையும் பாருங்கள்.

இரண்டாவது தடை ரவுட்டர். மென்பொருளில் 'கனெக்‌ஷன்' பகுதியில் 'யூபிஎன்பி' டிக் இருக்கிறதா, ரவுட்டரிலும் அதே வசதி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் போர்ட் தானாகத் திறந்துகொள்ளும். போர்ட் எண்ணாக 49152-க்கும் 65535-க்கும் இடையில் ஒன்றைப் போடுங்கள். 6881 முதல் 6889 வரை பழைய டொரண்ட் எண்கள். அவற்றைச் சில இடங்களில் தடுத்து வைத்திருப்பார்கள்.

அப்படியும் சுடர் அணையவில்லையா? ரவுட்டர் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டியதுதான். உலாவியில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ போட்டால் வரும். கடவுச்சொல் ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். 'ஸ்டேட்டஸ்' பக்கத்தில் 'வேன் ஐபி' என்று ஓர் எண் இருக்கும், வெளிப்பக்கத்திலிருந்து உங்கள் ரவுட்டருக்குக் கிடைத்த எண் அது. அதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளம் ஒன்றில் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது; ரவுட்டரில் அந்தப் போர்ட்டை உங்கள் கம்ப்யூட்டருக்குக் கையாலேயே திறந்துவிடலாம், இதைத்தான் போர்ட் ஃபார்வேர்டிங் என்பார்கள். ரவுட்டரில் இருப்பது 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால், நீங்கள் சிஜி-நாட் என்ற ஏற்பாட்டுக்குள் இருக்கிறீர்கள். 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதேதான்.

உலகத்தில் பழைய வகை ஐபி எண்கள் தீர்ந்துவிட்டதால், நெட் நிறுவனங்கள் ஒரே எண்ணைப் பல வீடுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கின்றன. அப்பார்ட்மென்ட்டில் எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண் இருப்பது போல. உள்ளே இருப்பவர் வெளியே போகலாம், வாங்கிக்கொண்டு திரும்பலாம். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வெளியிலிருந்து வருபவருக்கு எந்த வீடு என்று தெரியாது, வாசலோடு திரும்பிவிடுவார். இந்த நிலையில் ரவுட்டரில் எத்தனை முறை போர்ட் ஃபார்வேர்டிங் செய்தாலும் பலன் இல்லை, ஏனென்றால் பூட்டு இருப்பது நிறுவனத்தின் பக்கம். இது தெரியாமல் நாள்கணக்கில் ரவுட்டரோடு மல்லுக்கட்டுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

வழி இரண்டு. ஒன்று, நிறுவனத்திடம் பப்ளிக் ஐபி, அதாவது உங்கள் வீட்டுக்கு மட்டுமான எண், கேட்பது. சிலர் சும்மா தருவார்கள், சிலர் ஸ்டேட்டிக் ஐபி (மாறாத எண்) என்று கூடுதல் கட்டணம் வாங்குவார்கள். இன்னொன்று, ரவுட்டரில் ஐபிவி6 என்ற புது வகை ஐபி எண்ணைத் திறப்பது. புது வகையில் எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி எண் கிடைக்கும். கூட்டத்தில் ஐபிவி6 உள்ள பியர்களோடு நேரடியாக இணையலாம். உங்கள் லைனில் ஐபிவி6 வருகிறதா என்று சோதிக்கும் தளங்கள் உண்டு. டொரண்டுக்காக மட்டும் என்றால், பணம் கொடுத்து ஸ்டேட்டிக் ஐபி வாங்குவதற்கு முன் இதை முயன்று பாருங்கள்.

வேன் ஐபி 192.168 என்று தொடங்கினால் கதை வேறு. நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி ஒன்று, கடையில் வாங்கிய ரவுட்டர் ஒன்று என இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ரவுட்டர் வேலை பார்க்கின்றன. உங்கள் ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றினால் ஒரு கதவு குறையும்.

அப்லோடை எவ்வளவு வைப்பது?

அப்லோடைப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வைத்தால் டவுன்லோட் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே சொன்ன 10 விநாடிக் கணக்கை நினைத்துப் பாருங்கள்: கொடுக்காதவருக்கு மற்றப் பியர்கள் அதிகம் கொடுக்க மாட்டார்கள். அதற்காக முழுக்கத் திறந்துவிடவும் கூடாது. அப்லோட் முழுதாக நிரம்பினால், 'துண்டு வந்து சேர்ந்தது' என்று உங்கள் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பும் சிறு தகவல்களும் வரிசையில் மாட்டிக்கொள்ளும். பதில் வராததால் அனுப்புபவர் வேகத்தைக் குறைப்பார். வீட்டில் ஒருவர் வீடியோ காலில் இருந்தால் அதுவும் உடைந்து உடைந்து வரும்.

ஸ்பீட் டெஸ்டில் வந்த அப்லோட் அளவில் 80 சதவீதம் வையுங்கள். அப்லோட் 40 எம்பிபிஎஸ் என்றால் அது விநாடிக்கு 5 எம்பி. 80 சதவீதம் 4 எம்பி. மென்பொருள் 1024 பைட்டை ஒரு கேபியாக எண்ணுவதால், அதில் ஏறக்குறைய 3900 என்று போடலாம். ஃபைல் முழுதாக இறங்கியபின்பும் கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். வாங்கிய அளவாவது திருப்பிக் கொடுத்துவிட்டு நிறுத்துவது, எனக்குத் தெரிந்தவரை, குறைந்தபட்ச முறை. சீடர்கள் போய்விட்டால் அந்த ஃபைலுக்கு வேறு வாழ்வில்லை.

மொத்த இணைப்புகளின் எண்ணிக்கை 500 என்று இருந்தால், சின்ன ரவுட்டர் திணறும். டொரண்ட் ஓடும்போது வீட்டில் யார் போனிலும் எந்தத் தளமும் திறக்கவில்லை, ரவுட்டரை அணைத்துப் போட்டால்தான் சரியாகிறது என்றால் அதுதான் அடையாளம். 200-க்குக் குறையுங்கள்.

விண்டோஸில் ஏதோ ஒரு ஃபைலைத் திருத்தினால் டொரண்ட் பறக்கும் என்று பழைய வீடியோக்கள் சொல்லும். அது 2004-இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 காலத்துச் சிக்கல். இன்றைய விண்டோஸில் அந்தக் கட்டுப்பாடே கிடையாது. 'டொரண்ட் பூஸ்டர்' என்று வரும் எதையும் நிறுவாதீர்கள்.

குறை அந்த ஃபைலிலேயே இருந்தால்

உபுண்டு 11 எம்பியில் இறங்குகிறது, நீங்கள் கேட்கும் பழைய தொகுப்பு மட்டும் 50 கேபியில் நிற்கிறது என்றால் உங்கள் வீட்டில் குறை இல்லை. சீடர் எண்ணிக்கையையும், 'அவெய்லபிலிட்டி' என்ற எண்ணையும் பாருங்கள். அது 1-க்குக் கீழே இருந்தால், இப்போது இணைந்திருக்கும் எல்லாரிடமும் சேர்த்தும் முழு ஃபைல் இல்லை. யாராவது சீடர் வந்தால்தான் முடியும். இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற இடமாக இருந்தால் நேரடி டவுன்லோடே கிடைக்கும், அதில் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன் போடுவதென்றால்

எல்லாம் பார்த்து முடித்து, குறை லைனிலோ ஐபியிலோதான் என்று உறுதியானபின் லைன்காரரைக் கூப்பிடுங்கள். 'நெட் ஸ்லோவா இருக்கு' என்று மட்டும் சொன்னால், 'ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பதுதான் பதிலாக வரும். கையில் குறிப்பை வைத்துக்கொண்டு இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, லேன் கேபிள்ல போட்டுப் பார்த்தேன், காலையில 95 வருது, ராத்திரி ஒன்பது மணிக்கு 20-தான் வருது. மூணு நாளா இப்படித்தான், நேரத்தோட எழுதி வச்சிருக்கேன். அப்புறம் ரவுட்டர்ல வேன் ஐபி 100.70-ன்னு காட்டுது, நம்ம லைனுக்குப் பப்ளிக் ஐபி குடுக்க முடியுமா? இல்லேன்னா ஐபிவி6 திறந்துவிட முடியுமா?" இப்படிக் கேட்டால் அவர் உங்களை மேலே உள்ள டெக்னிக்கல் ஆளிடம் இணைத்துவிடுவார். ஐபி மாற்றிக் கொடுத்தார்கள் என்றால் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, வேன் ஐபியை மறுபடி பாருங்கள். க்யூபிட்டொரண்டைத் திறந்து அடிப்பட்டையில் பச்சை வருகிறதா என்று பார்த்தபின், அதே உபுண்டு ஃபைலை இன்னொரு முறை இறக்கிப் புது அளவைத் தாளில் பழைய அளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.